மீன் பெயர் சொல்லி நடந்தேன்

மகள் நச்சரித்ததால்தான் முதியோர் உடற்பயிற்சி வகுப்புக்குப் போனேன்.

“ஆன்ட்டி, ஏபிசிடி சொல்லிக்கிட்டே நடங்க. காலும் மூளையும் சேர்ந்து வேல செய்யணும்லா!” என்றாள் பயிற்சி தரும் பெண்.

எனக்கு எரிச்சலாக வந்தது. எழுத்துத் தெரியாது என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன்.

பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத அம்மாள் கையைத் தூக்கினார். “தங்கச்சி, எனக்கு ஏபிசிடிலாம் வராது. நாங்க ரெண்டு பேரும் மீன் பேரு சொல்றோமே.”

கெம்போங், தெங்கிரி, நெத்திலி என்று அவரோடு நடந்தேன். யோசித்தால் கால் நின்றது; நடந்தால் பெயர் மறந்தது. சே!

வகுப்பு முடிந்ததும் ஒருவர் அந்த அம்மாளை, “டீச்சர்” என்று கூப்பிட்டார். பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவராம்!

எனக்காகப் பொய் சொல்லச் சொல்லி யார் கேட்டது? அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் வாராவாரம் அவர் பக்கத்தில்தான் போய் நிற்கிறேன்.