மாடிப்படி வணக்கம்

கத்தரீனாவுக்குப் பெருமை கொஞ்சம் அதிகம். அதை அவள் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, பட்டம் எடுத்து, கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெண்கள் விடுதியில் சப் வார்டனாக இருப்பவள் பெருமைப்படாமல் வேறு யார் படுவது? நான் இராஜகுமாரி, அதே விடுதி அலுவலகத்தில் கிளார்க். அவள் என்னை அக்கா என்பாள். வேலையில் அவள்தான் எனக்கு மேலே.

எங்கள் விடுதியில் பகிடிவதை இல்லை என்பதுதான் அவளுடைய தலையாய பெருமை. மற்ற விடுதிகளில் சீனியர்மார் முதலாம் வருடப் பிள்ளைகளைப் படுத்தும் பாட்டைப் பற்றிக் கதை வந்தால், இவள் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள். அத்தாட்சியும் கைவசம் இருந்தது. மேல்மாடியைப் பார்வையிட இவள் போகும்போதெல்லாம், படியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் முதலாம் வருடப் பிள்ளைகள் எழுந்து நின்று, கட்டடம் அதிர "குட் ஈவினிங் மிஸ்" என்பார்கள். இவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். சாப்பிட்டாயா, வீட்டில் சுகமா என்று ஒவ்வொருத்தியையும் விசாரித்த பிறகுதான் அடுத்த படியில் கால் வைப்பாள். எங்கள் ஊரில் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள் என்று நான் கேலி செய்வேன்.

இந்த வருடம் முதுமாணி, அதாவது எம்.ஏ., படிப்புக்குச் சேர்ந்தாள். வகுப்பு சனிக்கிழமைகளில். அன்றைக்கு விடுதியை நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ஆய்வுக்கு என்ன தலைப்பு என்று கேட்டேன். பகிடிவதை இல்லாத விடுதி ஒன்று எப்படி உருவாகிறது என்பதாம். வேறு என்னவாக இருக்கப்போகிறது!

முதல் வகுப்பிலேயே, தேநீர் இடைவேளையில், அவள் தலையில் இடி விழுந்தது. பக்கத்தில் சஞ்சீவனி என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். போன வருடம்தான் பட்டம் முடித்தவள், இதே பல்கலைக்கழகத்தில் வேறொரு விடுதியில் இருந்தவள். கத்தரீனா சப் வார்டன் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு நாளாவது மாணவியாக இருந்து பார்க்கலாம் என்று இவளும் வாயைத் திறக்கவில்லை. பேச்சு விடுதி வாழ்க்கைக்குப் போயிருக்கிறது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாளாம்:

"எங்கட சப் வார்டன் பாவம். படியில ஃபெர்ஸ்ட் இயர் பிள்ளையளைக் காவலுக்கு இருத்தியிருப்பினம். அவ வந்தவுடன அதுகள் பெரிசா குட் ஈவினிங் சொல்லோணும். அது மேல பகிடிவதை செய்யிற சீனியர்மாருக்குக் கேக்கத்தான். அந்த மனுசி தனக்கு மரியாதை எண்டு நினைச்சுச் சிரிச்சுக்கொண்டு ஏறி வரும்."

கத்தரீனா கையிலிருந்த தேநீரைக் குடிக்கவுமில்லை, வகுப்புக்குத் திரும்பவுமில்லை. நேரே விடுதிக்கு வந்து அலுவலகத்தில் என் முன்னால் உட்கார்ந்தாள். அவள் சொன்னதைக் கேட்டு எனக்கும் திக்கென்றது. ஆனாலும், அது வேறு விடுதிக் கதை, நம் பிள்ளைகளை அதோடு சேர்க்காதே என்று அதட்டினேன்.

"அக்கா, ஒவ்வொரு ரூம்லயும் மேசை இருக்கு, லைட் இருக்கு. நம்ம பிள்ளைங்க ஏன் படியில உக்காந்து படிக்கிறாங்க?" என்றாள்.

இத்தனை வருடம் அந்தப் படியைக் கடந்து போகிற எனக்கு இந்தக் கேள்வி ஒரு நாளும் தோன்றியதில்லை.

சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடப் போகும் படி ஒன்று உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் வழியாக ஏறினோம். ஒன்றும் இருக்கக்கூடாது, இவள் அசடு வழியத் திரும்பி வரவேண்டும், நான் ஒரு மாதத்துக்குக் கேலி செய்யவேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

கடைசி அறைக் கதவை அவள் தள்ளினாள். உள்ளே முதலாம் வருடப் பிள்ளைகள் வரிசையாக முழந்தாளிட்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியின் தலையிலும் தண்ணீர் நிரம்பிய வாளி. கட்டிலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஜூலி. எங்கள் விடுதியின் மாணவத் தலைவி, ஞாயிறு தவறாமல் கத்தரீனாவோடு பூசைக்குப் போகிறவள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைப் பிடித்து இழுத்து வெளியே விட்டேன். கூட இருந்த மற்ற சீனியர்மார் தாங்களாகவே தலையைக் குனிந்துகொண்டு கீழே போனார்கள்.

கத்தரீனா பிள்ளைகளின் வாளிகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். கடைசியில் இருந்தவள் தர்ஷிகா. ஹேவாஹெட்டப் பிள்ளை, கத்தரீனா பிறந்த அதே தோட்டம். தாய் கொண்டுவந்து விடும்போது இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள். கழுத்தை நிமிர்த்த முடியாமல் இருந்த அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள் கத்தரீனா.

"எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

தர்ஷிகா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"ஒங்களுக்குத் தெரியும்னுதான் மிஸ் நெனச்சோம். நாங்க குட் ஈவினிங்னு கத்துனதும் படியிலேயே நின்னு எல்லார்கிட்டயும் பேசிக்கிட்டிருப்பீங்களே. மேல சீனியர்ஸ் எல்லாத்தையும் ஒதுக்கி வைக்க நேரம் குடுக்கிறீங்கன்னு நெனச்சோம்."