முதலாவது ‘வேண்டாம்’ கணக்கில் வராது

போன வெள்ளிக்கிழமை என் கணவர் ஒரு ஸ்கொட்லாந்துக்காரரை வாசலில் மறித்து, வலுக்கட்டாயமாக ஒரு கோப்பை ரீ குடிக்க வைத்தார். நாகரிகமான ஒரு ஊரில், நாகரிகமான மனிதர்கள் நிறைந்த ஒரு மண்டபத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க... நான் கையில் தும்புத்தடியோடு பக்கத்தில் நின்றேன்.

வீடு கூட்டுகிற தும்புத்தடி எதற்கு என்று கேட்பீர்கள். அதற்கு வருகிறேன்.

இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். பென்ஷன் எடுத்த கையோடு நானும் இவரும் ஸ்காபரோ வீட்டை விற்றுவிட்டு, ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு வந்துவிட்டோம். ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர்கள் குடியேறிய ஊர். தெருப் பெயர்களில் பாதி ‘மக்’ என்று தொடங்கும். ஒரு பேக்கரி, ஒரு தேவாலயம், ஒரு ஹார்ட்வெயார் கடை. கறிவேப்பிலை வேண்டுமென்றால் ரொறன்ரோப் பக்கம் மார்க்கம் நகருக்குத்தான் போகவேண்டும்.

இங்கே வந்தது இவருடைய ஆசை. வாழ்க்கை முழுக்கத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்த மனிதர், காணி வேண்டும், கத்தரி நட வேண்டும் என்றார். கோடை முழுக்க நட்டார். வெண்டி காய்த்தது, பாகல் வேலியில் ஏறியது, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் தக்காளி கொடுத்தார். நானும் யன்னலோரமாக ஒரு மேசை போட்டு, இந்தப் பத்தியை அதிலிருந்து எழுதத் தொடங்கினேன். மேசையிலிருந்து பார்த்தால் வேலிக்கு அப்பால் செம்மறி ஆடுகள் தெரியும்.

பிறகு பனி வந்தது.

பனி வந்ததும் இவர் போர்வைக்குள் போய்விட்டார். காலையில் சோஃபா, மத்தியானம் சோஃபா, பின்னேரம் தொலைக்காட்சிச் செய்தி, அதற்குள் ஒரு நித்திரை. பேச்சும் குறைந்துவிட்டது. சோற்றில் உப்பில்லை என்றுகூடச் சொல்லமாட்டார். எனக்குப் பயமாக இருந்தது. உப்பில்லை என்று சொல்லாத புருஷனை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு வந்த மகள் துளசி தகப்பனை ஒரு பார்வை பார்த்தாள். மார்க்கத்தில் அவளுடைய வீட்டில் கீழ்த்தளத்தில் ஒரு அறை இருக்கிறது, வீட்டை விற்றுவிட்டு அங்கே வாருங்கள் என்றாள். இவர், பனி முடியட்டும் சொல்கிறேன் என்றார். முடியாது என்று அவர் சொல்லாததே எனக்கு நெஞ்சில் இடித்தது. துளசியின் அன்பில் குறை சொல்லமாட்டேன். ஆனால் எனக்குக் கீழ்த்தளம் வேண்டாம். எனக்கு என் யன்னல் வேண்டும், என் ஆடுகள் வேண்டும்.

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு மொய்ரா கதவைத் தட்டினாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள், எங்களுடைய வயதுதான். ஊர்க் கேர்லிங் கிளப்பில் அவளுடைய ரீமில் விளையாட இரண்டு பேர் குறைவாம். வருவீர்களா?

கேர்லிங் என்றால் தெரியும்தானே? ஐஸ் தரையில் கைபிடி பூட்டிய ஒரு பெரிய கருங்கல்லைத் தள்ளுவார்கள். அது தூரத்து வட்டத்துக்குள் போய் நிற்க வேண்டும். கல் போகும் வழியில் இரண்டு பேர் தும்புத்தடி மாதிரி ஒரு பிரஷ்ஷால் விறுவிறு என்று தேய்த்துக்கொண்டே ஓட வேண்டும். தேய்த்தால் கல் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். ஸ்கொட்லாந்துக்காரர் கொண்டுவந்த விளையாட்டு. முழங்கால் போனவர்கள் குனியத் தேவையில்லை, நின்றபடியே நீளக் கோல் ஒன்றால் கல்லைத் தள்ளலாம். இவருடைய முழங்காலுக்கென்றே செய்தது.

ஆட்டம் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில். விளக்கு வைத்த பிறகு வீடு கூட்டக் கூடாது என்று வளர்ந்த நான், வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டு ஒன்ராறியோவின் ஐஸைக் கூட்டப் போனேன். லட்சுமிக்குக் குளிர் பிடிக்காது, அங்கே வரமாட்டாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இவர் முதல் நாள் கிரிக்கெட் பந்து மாதிரித் தள்ளினார். கல் வட்டத்தைத் திரும்பியும் பார்க்காமல் சுவரில் போய் மோதியது. நாங்கள் தோற்றோம். அடுத்த கிழமையும் தோற்றோம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் இவர் ஒரு சோடாப் போத்தல் மூடியை மேசையில் சுண்டிச் சுண்டி, வேகத்தைக் கணக்குப் பார்க்கத் தொடங்கினார். பருப்பில் உப்பில்லை என்றும் சொன்னார். நான் உள்ளே போய்ச் சிரித்தேன்.

அப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போகவில்லை.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் கைகொடுத்துவிட்டு, மேலே வாசலோடு இருக்கும் மண்டபத்தில் மேசைகளைச் சுற்றி உட்காருவார்கள். முதல் வாரம் வென்ற ரீமில் ஒருவர் எங்களிடம் வந்து, என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் வழக்கம்போல, ஐயோ வேண்டாம், இப்போதுதான் வீட்டில் குடித்துவிட்டு வந்தோம் என்றார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அந்த மனிதர், சரி, நல்லது, குட் நைட் என்றார். போய்விட்டார்!

நாங்கள் கொஞ்ச நேரம் நின்றோம். யாரும் திரும்பி வரவில்லை. ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாம் வாரம் யாரும் கேட்கவே இல்லை.

இவருக்கு அது சுட்டுவிட்டது. மொய்ரா எங்களைக் கூப்பிட்டது ஆள் குறைவுக்காக மட்டும்தான் என்றார். கல்லுத் தள்ள நாங்கள் வேண்டும், கூட இருந்து குடிக்க வேண்டாம் என்றார். ஒரு நாள் சோஃபாவிலிருந்து, தொலைக்காட்சியை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்:

“துளசிக்குப் போன் எடுத்துச் சொல்லும். வீட்டை விப்பம். இஞ்ச எங்களை ஒருத்தருக்கும் தேவையில்லை.”

நான் போனை எடுக்கவில்லை. அவள் வேலையாக இருப்பாள், பிறகு பார்ப்போம் என்று சாட்டுச் சொன்னேன். யன்னலோர மேசையில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஒரு வரியும் எழுத வரவில்லை.

இரண்டொரு நாளில், ஐஸில் நான் விட்டுவிட்டு வந்த கையுறையைக் கொடுக்க மொய்ரா வந்தாள். கோபம் இருந்தாலும் வீட்டுக்கு வந்தவளை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? ரீயும் வடையும் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நன்றி, இப்போதுதான் சாப்பிட்டேன் என்றாள். நான் தண்ணீர் கொதிக்கக் கேத்திலைப் போட்டேன். வடையை வைத்தேன். அவள் மறுபடியும் வேண்டாம் என்றாள். இன்னொன்றை வைத்தேன். பாவம், சாப்பிட்டாள். ருசி பிடித்துக்கொண்டது, பிறகு கேட்காமலே எடுத்தாள்.

சாப்பிட்டு முடித்துவிட்டுச் சிரித்தபடி கேட்டாள். “நான் வேண்டாம் என்றேனே?”

ஓம், கேட்டது என்றேன்.

“பிறகு ஏன் வைத்தாய்?”

எங்கள் வழக்கம் அப்படி. ஸ்காபரோவில் ஒரு தமிழ் வீட்டுக்குப் போகிறோம். ரீ குடிக்கிறீர்களா என்பார்கள். கேட்ட உடனே ஓம் என்றால் ரீக்காகவே வந்தது மாதிரி ஆகிவிடாதா? வேண்டாம் என்போம். அவர்கள் இரண்டாம் தரம் கேட்பார்கள். உங்களுக்கு எதற்குக் கரைச்சல் என்போம். மூன்றாம் தரம் கேட்கும்போது ரீயே மேசைக்கு வந்திருக்கும். இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. முதலாவது ‘வேண்டாம்’ கணக்கில் வராது என்று மொய்ராவிடம் சொன்னேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். முகம் மாறிவிட்டது.

“அப்படியென்றால் கிளப்பில் நீங்கள் சொன்ன வேண்டாம்...?”

“முதலாவது” என்றேன்.

மொய்ரா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் எனக்கு விளங்கியது. கேர்லிங்கில் வென்றவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுத்து, ஒரே மேசையில் கூட உட்கார வேண்டுமாம். அதுதான் முறை, விளையாட்டில் பாதி அதுதான். அதை மறுத்துவிட்டுப் போனால், தோற்ற கோபம் அல்லது உங்கள் முகத்தைப் பார்க்க விருப்பமில்லை என்று அர்த்தம். நாங்கள் தொடர்ந்து மறுத்ததும், இவர்களை இனிக் கேட்டுக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று கிளப்பில் கூடிப் பேசி முடிவெடுத்தார்களாம். மரியாதைக்காக!

நாங்களும் மரியாதைக்காகத்தானே வேண்டாம் என்றோம்? இரண்டு பக்கத்து மரியாதையும் சேர்ந்து ஒரு வீட்டை விற்கப் பார்த்தது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் தோற்றோம். என்ன குடிக்கிறீர்கள் என்று கேள்வி வந்தது. இவருடைய வாயில் ‘ஐயோ’ வரை வந்துவிட்டது. நான் காலை மிதித்தேன். “யெஸ், ரீ ப்ளீஸ்” என்றார், ஏதோ களவெடுத்தவர் மாதிரி. அன்றைக்கு அங்கே அப்படி ஒரு சிரிப்பும் கதையும். வெண்டி எப்போது நடுவது என்று கேட்டவருக்கு இவர் ஒரு பிரசங்கமே செய்தார். திரும்பி வரும்போது காரில் மட்டும் கொஞ்சம் கவலைப்பட்டார்.

“கேட்ட உடன ஓமெண்டிட்டன். என்ன நினைச்சினமோ தெரியேல்லை.”

இப்போது போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

கிளப்பில் அலிஸ்டர் என்று ஒருவர் இருக்கிறார். இளைஞராக ஸ்கொட்லாந்திலிருந்து வந்து, இங்கே ஆட்டுப் பண்ணை வைத்தவர். என் யன்னலில் தெரியும் ஆடுகள் அவருடையவை, இப்போது மகன் பார்க்கிறான். எத்தனையோ வருஷம் ஆகியும் அவருடைய ஆங்கிலம் இந்த ஊரோடு ஒட்டவில்லை. எங்களுடையதும்தான் ஒட்டவில்லை, ஆகவே எனக்கு அவரைப் பிடிக்கும். இலையுதிர் காலத்தில் அவருடைய மனைவி ஜீன் இறந்துபோனாள். அதன் பிறகு ஆட்டம் முடிந்ததும் கைகொடுப்பார், கம்பளித் தொப்பியைப் போடுவார், போய்விடுவார். ஒரு தரம் கேட்டார்களாம், வேண்டாம் என்றாராம். அதோடு விட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்டம் அலிஸ்டரின் ரீமோடு. கடைசிக் கல் இவருடையது. அலிஸ்டரின் கல்லை மெல்லத் தட்டி வட்டத்துக்கு வெளியே அனுப்ப வேண்டும். இவர் கோலால் தள்ளினார், சுவருக்குப் போகாத வேகத்தில்! மொய்ரா தேய், தேய் என்று கத்த, நான் வாழ்நாளில் எந்த வீட்டையும் அப்படிக் கூட்டியதில்லை. தட்டியது. நாங்கள் வென்றோம், முதல் தடவையாக.

வென்றால் என்ன முறை? நாங்கள்தான் கேட்க வேண்டும். இவர் நேராக வாசலுக்குப் போனார். அலிஸ்டர் தொப்பியைப் போட்டுவிட்டு நின்றார். என்ன குடிக்கிறீர்கள் என்று இவர் கேட்டார். வேண்டாம், நன்றி, வீட்டுக்குப் போக வேண்டும் என்றார் அலிஸ்டர். மொய்ரா தூரத்திலிருந்து இவருக்குத் தலையசைத்தாள், விடு என்று. இவர் விடவில்லை. இரண்டாம் தரம் கேட்டார். மறுபடியும் வேண்டாம்.

மேசைகளில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஊரில் இதைவிடப் பெரிய மரியாதைக் கேடு இல்லை. கொஞ்சம் சேர்ந்த மானமும் போகப் போகிறது என்று நான் தும்புத்தடியோடு இவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இவர் தன்னுடைய உடைந்த ஆங்கிலத்தில், மூன்றாம் தரமாக, அலிஸ்டரின் முழங்கையைத் தொட்டுச் சொன்னார்:

“நீங்கள் கதைக்கத் தேவையில்லை. சும்மா எங்களோடு இருங்கள். ரீ ஆறினால் நான் குடிக்கிறேன்.”

அலிஸ்டர் தொப்பியைக் கழற்றினார்.

ரீ ஆறவில்லை. இரண்டு கோப்பை குடித்தார். ஜீன் முதல் தடவை ஐஸில் விழுந்த கதையைச் சொன்னார். சொல்லும்போது கண் நிறைந்தது, சிரிப்பும் வந்தது. எழும்பும்போது இவருடைய கையைப் பிடித்தபடி, மெதுவாகச் சொன்னார்: “ஜீன் போன பிறகு என்னை யாரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.”

எங்கள் முறைதான் திறம் என்று நான் சொல்ல வரவில்லை. வயிற்றுவலியோடு எங்கள் வீடுகளிலிருந்து தப்பிப் போன விருந்தாளிகள் எத்தனை பேர்! வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய இடங்கள் நிறைய இருக்கின்றன. நான் ரீயையும் வடையையும் பற்றி மட்டும் சொல்கிறேன். துக்கத்தில் இருப்பவர்களைப் பற்றியும். அவர்களை இன்னொரு தரம் கேட்டுப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை துளசி எங்களுக்குப் போன் எடுத்தாள். இவர் கையில் வெண்டி விதைப் பைக்கற்றோடு இருந்தார். நான் போனின் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அப்பா, வின்ரர் முடியுது. என்ன டிசைட் பண்ணினீங்கள்? எங்களோட வந்து இருக்கிறீங்களா?”

“வேண்டாம் பிள்ளை. நாங்கள் இஞ்சையே இருக்கப் போறம்.”

“ஓகே அப்பா. ஐம் சோ ஹப்பி. பாய், லவ் யூ.”

எனக்கு எழும்பி ஆடவேண்டும் போல இருந்தது. என் யன்னல், என் ஆடுகள், என் தும்புத்தடி! திரும்பிப் பார்த்தேன். இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி இருந்தார். என்ன, மனம் மாறிவிட்டதா என்று கேட்டேன். இல்லை, போகிற எண்ணமே இல்லை என்றார்.

“எண்டாலும் பாத்தீரே... ஒரு தரம்தான் கேட்டவள்.”