அழாத மழைத்தேவன்

அந்தக் கொரியா நாடகத்தில் கதாநாயகன் ஆயிரம் வருடம் வாழ்ந்த மழைத்தேவன். பட்டணத்தில் ஒரு குடைக்கடை வைத்துக்கொண்டு, செத்துச் செத்துப் பிறந்து வருகிற காதலிக்காகக் காத்திருக்கிறான். கதையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தேவன் என்றால் காத்திருக்கட்டும், குடையும் விற்கட்டும். அந்தப் பையன் நடிக்கிற நடிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆயிரம் வயதுக்காரன் தரையிலிருந்து எழுந்திருக்கிற அழகைப் பார்க்க வேண்டுமே. கையை ஊன்றாமல், முழங்காலைப் பிடிக்காமல், ரப்பர் பந்து மாதிரி எழும்புகிறான். எனக்கு எழுபது தாண்டிக் கொஞ்சம்தான் ஆகிறது, நாற்காலியை விட்டு எழுவதற்கே ஒரு யோசனை வேண்டியிருக்கிறது. வயதை வாயால் சொன்னால் போதுமா, உடம்பு சொல்ல வேண்டாமா? காதலி வந்தாலும் தலையை மெதுவாகத் திருப்புகிறான், எதிரி வந்தாலும் அதே மாதிரி திருப்புகிறான். அந்தப் பெண்ணோ எதற்கெடுத்தாலும் அழுகிறாள், ஆனால் மூக்கு மட்டும் ஒழுகாது. மூக்கு ஒழுகாமல் யாரும் அழுது நான் பார்த்ததில்லை.

இதில் தமிழ்க் குரல் வேறு. வாய் மூடின பிறகும் பேசிக்கொண்டே இருக்கிறது. அதனால் கதை பிடிபட்ட பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பேன். கீழே எழுத்து ஓடுகிறதே, படிக்கலாமே என்பாள் மருமகள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ் பலகையை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும், அது அவளுக்கும் தெரியும். முகத்தைப் பார்த்தாலே எனக்குப் போதும் என்று சொல்லிவிட்டேன்.

முழு நாடகத்திலும் எனக்குப் பிடித்தவள் ஒருத்திதான், அவன் வீட்டுச் சமையல்காரியாக வருகிற பெண்மணி. ஒருநாள் அவன் சாப்பிடாமல் எழுந்து போனான். அவள் கிண்ணத்தை மூடி அடுப்பு ஓரமாக வைத்தாள், அவ்வளவுதான். அப்படிப்பட்டவளை இரண்டு நிமிடம் காட்டிவிட்டு, திரும்பவும் இவன் முடி பறக்கிறதைக் காட்டுகிறார்கள்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் என் நாத்தனார் இருக்கிறாள். என் வீட்டுக்காரருக்குத் தங்கை. அவள் புருஷன் போன வருடம் தவறிப்போனார். அதிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கீழே வந்துவிடுவாள், இரண்டு பேரும் நாடகம் பார்ப்போம். அவள் மழைத்தேவன் கட்சி. நான் திட்டத் திட்ட, பாவம் அண்ணி, சின்னப் பையன் என்பாள். ஆயிரம் வயசுன்னு சொன்னாங்களே என்பேன் நான்.

அன்றைக்கு ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கித் தோலெடுத்துக்கொண்டே பார்த்தோம். காதலி மறுபடியும் செத்துப்போனாள். பனி கொட்டுகிறது, அவன் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. மழைக்கே தேவன், அவனுக்கு அழுகைக்குப் பஞ்சம்.

"கட்டிக்கப்போறவ செத்துக் கெடக்கறா, மரம் மாதிரி நிக்கறான் பாரு," என்றேன். "மனசுல இருந்தாத்தானே மூஞ்சில வரும்."

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தலைவலி என்று சொல்லிவிட்டுப் போனவள், மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. பிதுக்கம்பருப்புக் குழம்பு கொடுத்தனுப்பினேன். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது, காலியாக. மாடிக்கும் கீழுக்கும் காலிப் பாத்திரம் போனதே கிடையாது, ஒரு வாழைப்பழமாவது இருக்கும். அப்போதுதான் இது தலைவலி இல்லை என்று புரிந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கோ கொரியாவில் இருக்கிறவனைத் திட்டினால் இவளுக்கு ஏன் வலிக்க வேண்டும்? அவன் என்ன இவளுக்கு அண்ணன் தம்பியா?

மருமகள்தான் விஷயத்தைச் சொன்னாள். எங்கள் கிறிஸ்தவ ஜனங்களில் சாவு என்றால் வீடியோ எடுப்பார்கள், துபாயிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிற சொந்தங்கள் பார்க்க வேண்டுமே என்று. நாத்தனார் புருஷன் சாவு வீடியோவையும் அவர்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு, புருஷன் பெட்டிக்குப் பக்கத்தில் மரம் மாதிரி நின்றாளே, ஒரு சொட்டுக் கண்ணீர் உண்டா என்று போனில் பேசியிருக்கிறார்கள். அது சுற்றிச் சுற்றி நாத்தனார் காதுக்கே வந்திருக்கிறது.

"அதே வார்த்தைய நீங்களும் சொன்னீங்க அத்தை," என்றாள் மருமகள்.

எனக்கு எப்படித் தெரியும்? யாரும் என்னிடம் சொல்லவில்லையே. அந்த வீடியோவைப் போடு என்றேன். போட்டாள். அதில் நான்தான் முக்கால்வாசி. வாயைத் திறந்து, முந்தானையை முறுக்கிக்கொண்டு கதறுகிறேன். பொய் அழுகை இல்லை, அந்த மனுஷன் எனக்குக் கூடப் பிறந்தவன் மாதிரி. ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. எனக்குப் பின்னால் நாத்தனார் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒரே ஒரு தரம் குனிந்து அவர் டையைச் சரிசெய்கிறாள். கேமராக்காரன் அதற்குள் அவளை விட்டுவிட்டு என்னிடம் வந்துவிட்டான்.

மாடிப்படி ஏறினேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, படி கட்டினவனைத் திட்டிக்கொண்டுதான் ஏறினேன். நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நான் அந்தக் கொரியாக்காரனத்தான் சொன்னேன்."

"தெரியும் அண்ணி." ஒரு துண்டை மடித்து முடித்தாள். "அவன் அழலன்னீங்க. கையப் பாத்தீங்களா? அவ மேல பனி விழ விழத் தட்டிக்கிட்டே இருந்தான். செத்தவளுக்கு என்ன குளிரா? ஆனாலும் தட்டினான்."

நான் பார்க்கவில்லை. முகத்தில் தண்ணீர் வருகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவருக்கு டைய கோணலா கட்டிட்டாங்க அண்ணி. எனக்கு அது ஒண்ணுதான் கண்ணுல பட்டுச்சு. ஜனம் வந்தது, பாட்டு பாடினது, எதுவும் தெரியல."

நானும் ஒரு துண்டை எடுத்து மடித்தேன்.

"சரி, அந்த ஒரு எடத்துல நல்லாத்தான் நடிச்சான்," என்றேன். "மத்ததெல்லாம் பேஜாருதான்."

"மத்ததுலயும் நீங்க மூஞ்சியத்தான் பாத்திருப்பீங்க," என்று சொல்லிவிட்டு, என்னோடு கீழே வர வீட்டுச் சாவியைத் தேடினாள்.

இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்தாள். விடு, எனக்கு இறங்கத் தெரியும் என்றேன். அவள் விடவில்லை.