அத்தை வாசித்த வில்லன்

இப்போதெல்லாம் ஒருவரைக் கெட்டவர் என்று முடிவு கட்டவே அலுப்பாக இருக்கிறது. பத்து வயதில் அந்த அலுப்பு ஏது? கதையில் வில்லன் வந்தாலே பல்லைக் கடிப்பேன்.

கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டை ஒட்டி நான்கு விசைத்தறிகள் ஓடின. ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. ஆகவே கரண்ட் போனால்தான் எங்களுக்குக் கதை. கரண்டும் எங்களை ஏமாற்றியதில்லை, தினமும் போனது. வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு போட்ட பழைய தொடர்கதை ஒன்றை, அப்பாவின் தங்கையான என் அத்தை உரக்க வாசிப்பாள். நூல் சுற்றும் பெண்கள் சூழ்ந்து உட்காருவார்கள். அப்பா தறிக்கு எண்ணெய் விட்டபடி கேட்பார். தங்கையின் காதலைக் கெடுக்கும் அண்ணன்தான் அதில் வில்லன். "நாசமாப் போறவன்!" என்று எல்லோரும் சேர்ந்து திட்டுவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தறிகளைப் பழுது பார்க்கும் பிட்டர் தன் அம்மாவோடு வந்து அத்தையைப் பெண் கேட்டார். அத்தைக்கும் அவர்மேல் இஷ்டம் என்பது எனக்கே தெரியும். அவர் வரும் நாளில் அவள் என்னைத் திட்டவே மாட்டாள். ஆனால் அவர்கள் வேறு சாதி.

அப்பா குரலை உயர்த்தவில்லை. "மொதல்ல சாப்புடுங்க" என்று இலை போட்டு, தினமும் அத்தை எங்களுக்குப் போடும் சோற்றை அன்று தானே பரிமாறினார். அவர்கள் கை கழுவி வந்த பிறகு, "எங்க சனம் ஒத்துக்காதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். பஸ் ஏற்றிவிட்டும் வந்தார். அடடா, எவ்வளவு மரியாதை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தை அன்று சாப்பிடவில்லை.

மறுநாளும் கரண்ட் போனது. கதையில் அண்ணன் தங்கையை அறைக்குள் வைத்துப் பூட்டுகிறான். அத்தை களைத்த குரலில் வாசித்தாள்: "பூட்டிய கதவுக்கு வெளியே அவனும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். ஊருக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் அவனைத் தின்றது."

அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த எனக்கு ஆத்திரம் வந்தது.

"அத்தை, பொஸ்தகத்துல அப்படி இல்லீங்களே! பூட்டிப்போட்டுச் சிரிச்சான்னுதான போட்டிருக்குது? அந்தப் பாவிக்குப் போயி எதுக்குங்க பாவம் பாக்கறீங்க?"

அத்தை புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"வெறும் கெட்டவன்னு உட்டுப்போட்டா, நாளைக்கு அவனுக்கு எப்படிக் கண்ணு சோறு போடறது?"

அப்பா எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். கதையில் வருகிறவனுக்கு அத்தை எதற்காகச் சோறு போட வேண்டும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.