நஸீஹாவின் மழைக் கணக்கு

தீவின் மேற்கே, சுவா சூ காங்கில் வளர்ந்த நஸீஹா, மழையை முன்கூட்டிச் சொல்லும் நிரல் எழுதுவாள் என்று வீட்டில் யாரும் நினைத்ததில்லை. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் அவள் வேலை பார்த்த சின்ன நிறுவனம் இருந்தது. காற்றும் மழையும் வருமுன் கட்டுமானத் தளங்களுக்குத் தகவல் சொல்வார்கள். அங்கே பாரந்தூக்கிகளை நிறுத்திவிடுவார்கள்.

அவர்களுடைய கணினிச் சில்லில் நூற்றுக்கும் மேற்பட்ட கோர்கள் எனும் குட்டிச் செயலிகள். ஒவ்வொன்றும் தனியே கணக்குப் போடும். தீவை வட்டாரங்களாகப் பிரித்து, எல்லாவற்றுக்கும் கோர்களைச் சமமாகப் பங்கிட்டிருந்தாள் நஸீஹா. அங்கேதான் சிக்கல். மேற்கே மழை திரளும்போது அந்தப் பக்கத்துக் கோர்கள் திணறின. கிழக்கே வெயிலடிக்கும் சாங்கிக்கு உரியவை சும்மா கிடந்தன. மழை கொட்டிய பிறகே முன்னறிவிப்பு வந்தது.

"பெரிய மெஷினா வாங்கிடலாம் லா," என்றார் மேலாளர் ரமணன்.

"இருக்கிறதுலயே பாதி சும்மா கிடக்குது. கொஞ்சம் டைம் குடுங்க."

நிரலைத் திருத்தி எழுதினாள். ஒவ்வொரு வட்டாரத்தின் கணக்கும் தனக்கு வேண்டிய கோர்களைக் கேட்டு வாங்கலாம். வேலை குறைந்ததும் விட்டுவிட வேண்டும். முதல் ஓட்டத்தில் எல்லாமே உறைந்து நின்றது. வட்டாரக் கணக்குகள் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு மிச்சத்துக்காக ஒன்றையொன்று பார்த்துக் காத்திருந்தன. கேட்டது முழுதும் கிடைக்காவிட்டால் கிடைத்ததை வைத்தே தொடங்கட்டும் என்று விதியை மாற்றினாள்.

சில நாள் கழித்து ஒரு மதியம். திரையில் கோர்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக, வட்டாரத்துக்கு ஒரு நிறத்தில் தெரிந்தன. மேற்குக் கடல்மேல் மேகம் கூடியதும், சாங்கியும் செங்காங்கும் தம் கட்டங்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. அவை மேற்கின் நிறத்துக்கு மாறின.

ரமணன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "யாரு இதையெல்லாம் கன்ட்ரோல் பண்றது?"

"யாருமே இல்ல. மேகம் இருக்கிற பக்கம் போன்னு நான் ஒரு வரிகூட எழுதல."

சொல்லிவிட்டு அவளே திரையை நெருங்கிக் குனிந்தாள்.

முன்னறிவிப்பு வந்ததும் சுவா சூ காங் வீட்டுக்கு அழைத்தாள். "உம்மா, காயிற துணியை எடுத்துருங்க. மழை வருது."

"வெயில் கொளுத்துதே புள்ள," என்றபடியே சம்சுன்னிசா ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த துணிக்கம்புகளை உள்ளே இழுத்தார். கொஞ்ச நேரத்தில் அவரே திரும்ப அழைத்தார். "கொட்டுதும்மா. எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

நஸீஹா சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். மேற்கே பாரந்தூக்கிகள் காற்றுக்கு முன்பே நின்றுவிட்டதாகத் தளங்களிலிருந்து செய்தி வந்துகொண்டிருந்தது. மேகம் நடுத்தீவை நோக்கி நகர, திரையில் நடுத்தீவு வட்டாரங்களின் நிறங்கள் மெல்லப் பரவின. ரமணன் எழுந்து போகவில்லை. அவளும் கண்ணை எடுக்கவில்லை.