கெப்டன் நானாவின் காலடியில் நின்ற பந்து

“...ஈமானுக்காக நிண்ட கால் எண்டு நீங்கதான் சொல்றீங்க, நான் ஒருநாளும் சொல்லல்ல. அது பழகின கால். பழக்கத்துல நிண்டுட்டு. அவன் கத்தினது எனக்கு நல்லாக் கேட்டது” என்றார் எங்கள் கெப்டன் நானா, மைக்கில்.

அப்போதுதான் அவர் தோளில் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். மேடையில் வெள்ளைத்துணி விரித்த கதிரைகளில் ஊரின் பெரியவர்கள், உதைபந்தாட்டக் கழகத்துக்காரர்கள். கீழே, புத்தளம் மைதானத்தைச் சுற்றிச் சனம். நான் மேடைக்குப் பக்கத்தில், ஒலிபெருக்கிப் பெட்டியில் சாய்ந்துகொண்டு நின்றேன். அந்தப் பெட்டிகளை ஏற்றிவந்தது என்னுடைய வேன். கழகத்துக்கு வேன் ஓட்டத் தொடங்கி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. யார் கத்தியது, எதற்காகக் கத்தியது, ஒரு காலைப் பற்றி ஏன் இத்தனை பேச்சு என்று உங்களுக்கு விளங்க வேண்டுமானால், கெப்டன் நானாவை அப்படியே மைக்கோடு நிற்கவைத்துவிட்டு, அந்த ஒரு சீசனுக்குப் போய்வர வேண்டும்.

எங்கள் கழகம் நாட்டின் முதல்தர லீக்குக்கு ஏறிய வருடம் அது. தொழில்முறை லீக் என்று பத்திரிகையில் போட்டார்கள். எங்கள் பிள்ளைகளோ காலையில் உப்பளத்திலும் மீன்வாடியிலும் கடைகளிலும் தங்கள் தொழிலைப் பார்த்துவிட்டு, பின்னேரம் வந்து இந்தத் தொழிலைப் பார்த்தார்கள். வெளியூர் ஆட்டமென்றால் விடிய முன்னரே வேன் புறப்படும். காலி நகருக்குப் போய் இறங்கிய முதல் தடவை, எங்கள் இடதுபக்க விளையாட்டுக்காரர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, “டிரைவர் அண்ணே, வேனுக்குள்ளேயே மூணு மெச் விளையாடி முடிச்சாச்சு, இனி நாலாவதா?” என்று கேட்டார். இப்படிப்பட்ட கதைகளைக் கேட்பதற்காகவே நான் வேனில் பாட்டுப் போடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்காததையெல்லாம் எனக்குப் பின்னால் இருந்தவர்கள் பேசிப் பேசித்தான் நான் படித்தேன்.

கெப்டன் நானா பின்வரிசையில் நடுவில் நிற்பவர். உப்பளத்தில் வேலை. குதிகாலில் வெடிப்பு, பேச்சில் அவசரமில்லை. அணியில் மூத்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் நானா, அண்ணன்தான். கோல் காத்தவன் என்னுடைய மருமகன், உடப்பு என்ற மீனவ ஊரிலிருக்கும் என் அக்காவின் மகன். கடற்கரையில் படகுகளுக்கு நடுவே பொடியன்கள் விளையாடியதைப் பார்த்து, அவன் கைகளைக் கவனித்து, என்னிடம் விசாரித்து, அக்கா வீட்டுக்கு நேரே வந்து கேட்டுக் கூட்டிப்போனவர் கெப்டன் நானா. “உங்கட புள்ளைய நான் பாத்துக்குறன் அக்கா, பயப்படாதீங்க” என்றார். அக்காவுக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்த வார்த்தையை நம்பி அனுப்பினாள்.

அவரும் பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வெளியூரில் இருந்தால், மருமகன் மரக்கறிதான் சாப்பிடுவான் என்று ஞாபகம் வைத்து, கடைக்காரரிடம் தனியாகச் சொல்லிப் பருப்பும் சோறும் எடுத்துக் கொடுப்பார். நோன்பு மாதத்தில் எங்கள் வேனில் நோன்பில்லாமலும் தண்ணீர்ப் போத்தலைத் திறக்காதவன் நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன். மருமகனும் அப்படித்தான். மற்றவர்கள் திறக்கும்வரை அவனும் திறக்கமாட்டான். “நீ குடிடா, உனக்கென்ன?” என்று கெப்டன் நானா ஏசுவார். “எனக்குத் தாகமில்ல நானா” என்று வறண்ட உதட்டோடு சொல்லுவான். வேன் முழுக்கச் சிரிக்கும்.

எங்கள் பக்கத்துப் பந்தாட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. விளையாடிக்கொண்டிருக்கும்போது பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லத் தொடங்கினால், பந்து யாருடைய காலில் இருக்கிறதோ அவர் அதை மிதித்து நிறுத்துவார். எல்லாரும் நின்ற இடத்தில் நிற்பார்கள். விசில் ஊதுவதில்லை, யாரும் சொல்வதுமில்லை. பாங்கு முடிந்ததும் மிதித்தவரே பந்தைத் தட்டி ஆட்டத்தைத் தொடங்குவார். சிலாபப் பக்கத்திலிருந்து வரும் சிங்களப் பொடியன்களும் நிற்பார்கள், உடப்புப் பொடியன்களும் நிற்பார்கள். நின்றவனிடமிருந்து பந்தைப் பறித்ததாக ஒரு கதையை நான் கேட்டதேயில்லை.

லீக்கில் அது செல்லாது. சீசன் தொடங்கமுதல் பயிற்சியாளர் இதைச் சொன்னபோது பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களைப் பழக்கியவர் கெப்டன் நானாதான். “விளையாட்டுக்கு விசில், தொழுகைக்குப் பாங்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. மெச்சை முடிச்சிட்டுப் போய்த் தொழுவம்” என்றார். பயிற்சியின்போது பாங்கு கேட்டால் வேண்டுமென்றே பந்தை உதைத்து விரட்டுவார். பிள்ளைகள் கூச்சப்பட்டுக்கொண்டு ஓடுவார்கள். சீசன் முழுவதும் ஒரு குழப்பமும் வரவில்லை. ஆட்டங்களெல்லாம் பொழுதுபட முன்னரே முடிந்துவிட்டன.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். சமநிலையில் முடிந்தால் போதும், லீக்கில் தங்கிவிடலாம். தோற்றால் கீழ்ப்பிரிவு. மைதானத்தில் அம்புலன்ஸ் நிற்காமல் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது என்பது சட்டம். அன்றைக்கு வரவேண்டிய வண்டி, கற்பிட்டிப் பக்கம் ஒரு பிரசவத்துக்குப் போய்விட்டது. யாரை நோவது? இரண்டு அணியும் வெயிலில் காத்திருந்தன. கடைசியில் வண்டி வந்து சேர்ந்ததும், “ஆம்புளப் புள்ளயாம்” என்று யாரோ கத்த, மைதானமே கைதட்டியது. எதிரணிக்காரர்களும் தட்டினார்கள். சூரியனைப் பற்றி அந்த நேரத்தில் யாரும் நினைக்கவில்லை. எங்கள் மைதானத்தில் விளக்குகள் இல்லை.

ஆளுக்கு ஒரு கோல். ஆட்டம் முடிகிற தறுவாயில் களப்பு நீர்ப்பக்கமிருந்து காற்று எழும்பி, வெளிச்சம் மங்கி, பந்து ஒரு நிழலைப் போல உருண்டது. எதிரணி உயரத் தூக்கி அடித்த பந்து ஒன்று எங்கள் கோலுக்குப் பக்கத்தில் விழுந்து கெப்டன் நானாவிடம் வந்தது. அவருக்குப் பக்கத்தில் யாருமில்லை. வெளியே உதைத்துவிட்டால் முடிந்தது. மருமகன் பந்தை வாங்கவோ என்னவோ கோலைவிட்டுச் சற்று முன்னுக்கு வந்திருந்தான். அப்போதுதான் பொழுதுபட்டதும் சொல்லும் மஃரிப் பாங்கின் முதல் வரி கேட்டது. வாசலில் செருப்பைக் கழற்றுகிற மனிதரைப் போல, ஒரு யோசனையும் இல்லாமல், கெப்டன் நானா பந்தின்மேல் காலை வைத்து நின்றார். தலையும் குனிந்தது. ஓடி வந்த எதிரணிக்காரர் ஒரு கணம் திகைத்து நடுவரைப் பார்த்தார். நடுவர் ஆடச் சொல்லிக் கையைக் காட்டினார். காலடியிலிருந்து பந்தைத் தட்டியெடுத்து அடித்தார் அவர். மருமகன் பாய்ந்தான், எட்டவில்லை. எதிரணியின் ஆரவாரம் கேட்டுத்தான் கெப்டன் நானா தலையை நிமிர்த்தினார். அந்த முகத்தை நான் தூரத்தில் வேனருகே நின்று பார்த்தேன். உறக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட பிள்ளையின் முகம்.

முதல் சில நாட்கள் ஊர் அவரைத்தான் ஏசியது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல மனம் படைத்த ஒரு மௌலவி, ஏச்சிலிருந்து அவரைக் காப்பாற்ற நினைத்திருக்க வேண்டும், குத்பாப் பிரசங்கத்தில் அவரைப் பற்றிச் சொன்னார். லீக்கை இழந்தாலும் பாங்கை மதித்த மனிதர், அது ஈமானுக்காக, இறைநம்பிக்கைக்காக நின்ற கால் என்றார். அதோடு காற்று மாறியது. தேநீர்க்கடைகளில் அவருக்குக் கதிரை இழுத்துப் போட்டார்கள். ஆனால் ஊருக்கு ஒரு கோல் விழுந்திருக்கிறதே, அதற்கு ஒரு ஆள் வேண்டுமல்லவா? மைதானத்தின் மறுகரையில் இருந்தவர்களுக்கு அந்த மங்கலில் தெரிந்தது ஒன்றுதான்: கோலைவிட்டு வெளியே நின்ற கீப்பர். “நானா பாங்குக்கு நிண்டார். பின்னுக்கு நிண்டவன் ஒரு சத்தம் குடுத்திருந்தா அவர் அடிச்சிருப்பாரே” என்று ஒருவர் தொடங்கிவைத்தார். அது ஊர்க்கதையாகிவிட்டது.

“கத்தினன் மாமா. தொண்ட கிழியக் கத்தினன், அடிங்க நானா எண்டு” என்று மருமகன் என்னிடம் சொன்னான். அவன் பொய் சொல்லுகிறவன் இல்லை. ஆனால் நான் தூரத்தில் நின்றேன், எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருக்கக் கூடியவர் ஒருவர்தான்.

அந்த ஒருவர் மறைக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். கேட்டவர்களிடமெல்லாம் அவர், அது பழக்கதோஷம், பொடியன் கத்தினான், பிழை என்னுடையது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. “பாருங்க, அந்தப் பொடியனக் காப்பாத்தப் பழியத் தன்ட தலையில போடுறார். எப்படிப்பட்ட மனிசன்!” என்றார்கள். அவர் மறுக்க மறுக்க அவருடைய மதிப்புக் கூடியது. உண்மையைச் சொல்லி ஒரு மனிதர் இப்படி மாட்டிக்கொண்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அக்கா புத்தளம் சந்தையில் கருவாடு விற்கிறவள். ஒருநாள் விலை பேசிக்கொண்டிருந்த ஒருவர், “உங்கட மகன் கோல விட்டுக் குடுத்த மாதிரி நீங்களும் விலையக் கொஞ்சம் விட்டுத் தாங்களேன்” என்று சிரித்தாராம். அவர் பகிடிக்குத்தான் சொல்லியிருப்பார். அக்கா கருவாட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கூடையில் போட்டுக்கொண்டு அந்த நேரமே பஸ் ஏறி வந்துவிட்டாள். மருமகன் அடுத்த சீசனுக்குப் பெயர் கொடுக்கவில்லை. கட்டாருக்குப் போக அலுவல் பார்க்கத் தொடங்கினான்.

அதைக் கேள்விப்பட்டு, கெப்டன் நானா உடப்புக்கு வந்தார். அம்மன் கோயில் திருவிழாக் காலம், தெருவெல்லாம் தோரணம். நானும் அங்கேதான் இருந்தேன். மருமகன் வீட்டு வளவின் பின்பக்கம் வலையோடு இருந்தான். குரல் கேட்டும் எழுந்து வரவில்லை. அக்கா கதிரை கொடுத்து, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, “நான் போற இடத்துல எல்லாம் சொல்றன் அக்கா. ஆக்கள் கேக்குறாங்க இல்ல” என்றார்.

அக்கா கோபப்படவில்லை. “நீங்க கடையிலயும் ரோட்டிலயும் மெல்லமாச் சொல்றீங்க, தம்பி. அவங்க மைக்கில எல்லோ சொல்றாங்க” என்றாள்.

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். புறப்படும்போது வளவுப் பக்கம் பார்த்து, “போய்ட்டு வாறன்டா” என்றார். வலை இழுபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சில கிழமைகளில் மருமகன் போய்விட்டான். பெரிய கடையொன்றின் களஞ்சியத்தில் வேலை. ஊருக்கு இரண்டு தடவை வந்தான், இரண்டு தடவையும் புத்தளம் நகரத்துக்குள் கால் வைக்கவில்லை. அவனைப்போல ஒரு கீப்பர் கழகத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை. கழகமும் மறுபடி மேலே ஏறவில்லை. இன்றைக்கு லீக் ஆட்டங்களைப் பிள்ளைகள் போனில்தான் பார்க்கிறார்கள். நான் காலி வீதியில் போகும்போதெல்லாம், பின்னால் வெறுமையாக இருக்கும் இருக்கைகளைக் கண்ணாடியில் பார்த்து, நாலாவது மெச்சைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று நினைப்பேன். அந்தப் பிள்ளைகளுக்கு வயது போய்விட்டது. அவர்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு சீசன்தான்.

கெப்டன் நானாவுக்குப் பாராட்டு விழா வைக்க ஊர் எத்தனையோ முறை கேட்டது. ஒவ்வொரு முறையும் வேண்டாமென்று தட்டிவிட்டார். இந்த முறை உடனே சம்மதித்தபோது கழகத்துக்காரர்களே ஆச்சரியப்பட்டார்கள். அவர் கேட்டது ஒன்றுதான்: “மைக் நல்லா வேல செய்யுமா?” அதைக் கேட்டு அவர்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அக்கா வீட்டுக் கதிரை நினைவுக்கு வந்தது.

அறிவிப்பாளர் அந்தக் கதையை அழகாகச் சொன்னார். பாங்கு, பந்து, குனிந்த தலை, எல்லாம் சொன்னார். மருமகனைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது ஒருவகையில் நல்லதென்றுகூட நினைத்தேன். அதற்குப் பிறகுதான் கெப்டன் நானா மைக்கை வாங்கி, நான் முதலில் எழுதியதைச் சொன்னார். அவன் கத்தினது எனக்கு நல்லாக் கேட்டது.

சொல்லி முடித்ததும் முன்வரிசைத் தலைகள் மேடைப் பக்கம் நிமிர்ந்தன. நான் நம்பினேன், இந்த முறை கேட்டுவிட்டதென்று. அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், “மாஷா அல்லாஹ், இந்தக் காலத்துல இப்படி ஒரு பணிவு” என்றார், நெஞ்சு நெகிழ்ந்துதான் சொன்னார். அவர் கைதட்டத் தொடங்க, பக்கத்திலிருந்தவர்கள் தட்ட, அது மைதானத்தைச் சுற்றிப் போய்வந்தது. மேடையிலிருந்தவர்களும் எழுந்து நின்று தட்டினார்கள். கெப்டன் நானா அந்தக் கைதட்டலுக்கு நடுவே, உதைவாங்கிய மாதிரி நின்றார்.

பிறகு மேடையின் விளிம்புக்கு வந்து, என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். “டிரைவர் அண்ணே, உங்கட போனத் தாங்க. என்ட நம்பருக்கு அவன் எடுக்கமாட்டான்.”

நான் மருமகனின் பெயரைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர் அழுத்தி, சத்தத்தைக் கூட்டி, போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். நாலு மூலையிலிருந்த பெட்டிகளிலும் மணி அடித்தது. முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு கைதட்டல் அங்கங்கே விட்டு, ஓய்ந்தது. “யாருக்கு எடுக்கிறார்?” என்று ஒருவர் கேட்க, “கீப்பருக்கு” என்று யாரோ சொன்னது கேட்டது. கட்டாரில் அது வேலைநேரம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, களப்புப் பக்கம்வரை கேட்டிருக்கும். பிறகு நின்றுபோனது. அறிவிப்பாளர் மைக்கை வாங்கக் கையை நீட்டினார்.

கெப்டன் நானா கொடுக்கவில்லை. போனைக் கண்ணருகே கொண்டுபோய், அதே பெயரைத் தேடி, இன்னொரு தரம் அழுத்தினார்.