ஒரே புனிதர், இரண்டு கல்லூரி

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் ஆள் எடுப்பது என் வேலை. வேலை கேட்டு வந்த ஸ்டெல்லாவின் சான்றிதழில் ஒரு புனிதரின் பெயர் கொண்ட கல்லூரி இருந்தது. அதே பெயருள்ள ஒரு கல்லூரி போலிச் சான்றிதழ் விற்று மாட்டியிருந்தது. "இது காசு குடுத்து வாங்கினதுதானே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"அது வேற ஊருங்க. எங்க காலேஜ், மில்லுத் தொழிலாளிங்க பிள்ளைகளுக்காக சிஸ்டருங்க ஆரம்பிச்சதுங்க. எங்கம்மா அங்க கூட்டிப் பெருக்கித்தான் என்னைப் படிக்க வெச்சாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

கல்லூரிக்குப் போன் செய்தேன். அத்தனையும் உண்மை. சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, வேலைக்கு வரச் சொன்னேன்.

"எல்லார் முன்னாடியும் திட்டிப்போட்டு, மன்னிப்பு மட்டும் ஊட்டு வாசல்ல கேக்கறீங்களே!" என்றாள்.

மறுநாள் கம்பெனியில் எல்லாரையும் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்றேன். ஸ்டெல்லா வேலைக்கு வரவில்லை. நான் சொன்னது அவள் காதுக்கு எட்டியதா என்று இன்றுவரை தெரியாது.